இரண்டு முறை சந்தேகிக்கப்பட்ட கூரை

இரும்பை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதுதான் ஞானஜோதியின் பிழைப்பு. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவளுக்கு ஓர் அலுவலகம். பெரிய கட்டடங்கள் அவளைத் தேடி வருவதில்லை. குடோன் கொட்டகை, பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஷெட், நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளின் மொட்டை மாடியில் போடும் தகட்டுக் கூரை. இப்படிப்பட்டவைதான். அவள் கையெழுத்துப் போட்ட எதுவும் இதுவரை விழுந்ததில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுமில்லை. விழாமல் நிற்பது மட்டும் ஒரு கூரை சரியானது என்பதற்குச் சாட்சி ஆகாது. இதுவரை வந்த காற்றுக்கு மட்டுமல்ல, இனிமேல் வரக்கூடிய காற்றுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நியாயத்தில் பிழை இல்லை. இதை வைத்துக்கொண்டுதான் அவள் தயாளனின் கூரையை இறக்கச் சொன்னாள்.

தயாளன் ஒரு காலத்தில் அவளுடைய கூட்டாளி. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அதே மருந்துக்கடை மாடியில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் சேர்ந்து தொழில் செய்தார்கள். அவர் நிதானமாகக் கணக்குப் போடுவார். அவள் வேகமாகப் போட்டு, அவரிடம் தூக்கிப் போடுவாள். அவர் பார்த்துவிட்டு, தப்பு இருந்தால் எங்கே என்று சொல்லமாட்டார். “திருப்பிப் போடு” என்பார். அவளுக்கு எரிச்சல் வரும்.

இருவரும் எண்பத்து நான்கில் வந்த பழைய விதிநூலை வைத்துத்தான் இரும்பைப் பழகினார்கள். அந்த நூலின் நம்பிக்கை எளிமையானது. கூரை மேல் வரும் பாரத்தை உள்ளபடி எடுத்துக்கொள். இரும்பை மட்டும் முழுதாக நம்பாதே. அதன் பலத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் வேலை வாங்காதே. இரண்டாயிரத்து ஏழில் வந்த புதிய நூல் சந்தேகத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்தது. முதலில் பாரத்தைச் சந்தேகப்படு. அதை ஒன்றரை மடங்காகப் பெருக்கிக்கொள். அதற்குப் பிறகு இரும்பிடம் அதன் பலத்தில் பெரும்பகுதியைக் கேட்கலாம். சாதாரணக் கூரைகளில் இரண்டு வழியும் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். ஆனால் ஒரு வழியில் கிளம்பியவர் பாதியில் அடுத்த வழிக்குத் தாவக் கூடாது. தாவினால் சந்தேகம் எங்கேயுமே இல்லாமல் போகும், அல்லது இரண்டு இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதிய நூலுக்கு மாற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் ஞானஜோதி. தயாளன் அசையவில்லை.

“நான் போட்டதுல எது விழுந்துச்சு, சொல்லு பாக்கலாம்.”

“விழலைங்கறது ஆன்சர் இல்லண்ணா.”

“புதுப் புக்குலயே பதினொண்ணாவது பிரிவுல பழைய மெத்தடுக்கு இடம் குடுத்திருக்கான், பாத்தியா? அதை எழுதினவனே என்னை வெளிய தள்ளல ஜோதி. நீ தள்ளுற.”

“அது பஸ்ல வயசானவங்களுக்கு விடுற சீட்டுண்ணா. அதுல உக்காந்துக்கிட்டு நான்தான் வண்டி ஓட்டுறேன்னு சொல்லக் கூடாது.”

தயாளன் சிரித்தார். அன்றைக்கு அவள் கூடச் சிரித்தாள். அந்த வருஷம் முடிவதற்குள் அவர் தன் மேசையை ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு பீர்க்கன்கரணையில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். இவளும் அனுப்புவாள். பேசுவதற்கு மட்டும் ஒன்றும் இருக்கவில்லை.

சென்ற வருஷம் ஜாய்சன் அவள் அலுவலகத்துக்கு வந்தார். வங்கியில் வேலை செய்பவர். பீர்க்கன்கரணைச் சபையின் செயலாளர். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்துக்கு உறுதிச் சான்று வேண்டும் என்றார். கூடத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடுவதென்றால் சான்று கட்டாயம். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடப்பதும், கல்யாணத்துக்குப் பிறகு பந்தி போடுவதும், இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் ஏரிக்கரைக் குடும்பங்கள் பாயோடு வந்து படுத்ததும் அந்தக் கூடத்தில்தான். தொண்ணூற்று எட்டில் அதற்குத் தன் பொறுப்பில் தனியாகக் கூரை போட்டவர் தயாளன். அது அவருடைய சபை.

“வர்தா புயல்ல பக்கத்து மண்டபம் தகடெல்லாம் பறந்துச்சு மேடம். நம்மளுது அசையல. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்,” என்றார் ஜாய்சன்.

“அசையலைங்கறதுக்காகச் சான்று தர முடியாது சார். கணக்கு வரணும்.”

ஞானஜோதியும் எபியும் போய் ஏணி போட்டு ஏறினார்கள். எபி அவளிடம் ஏழு வருஷமாக இருக்கும் இன்ஜினியர். கணினி வேலை முழுக்க அவன் கையில். பழைய நூலை அவன் கல்லூரியில் தொட்டதுகூட இல்லை. இருவரும் ஒவ்வொரு இரும்பு ஆங்கிளையும் அளந்தார்கள். துரு அதிகம் இல்லை. சாய்வுச் சட்டங்கள் நேராக இருந்தன. போல்ட்டுகளைப் பார்த்தபோதே யார் செய்த வேலை என்று தெரிந்தது. தயாளன் எப்போதும் தேவைக்கு ஒன்று கூடுதலாகத்தான் போடுவார்.

எபி கூரையைக் கணினியில் ஏற்றி, எந்தச் சட்டத்தில் எவ்வளவு விசை என்று எடுத்துக் கொடுத்தான். புதுக் கட்டடம் என்றால் மீதிச் சரிபார்ப்பையும் கணினியே செய்துவிடும். இந்தக் கூரையில் இருந்த ஆங்கிள் அளவுகள் சில இப்போது வழக்கில் இல்லை. கணினியின் பட்டியலிலும் இல்லை. ஆகவே கடைசிப் பகுதியை ஞானஜோதி கையால் போட்டாள். கையால் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் அவள் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டாள். அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மெச்சும் பழக்கம் அது. தவறு புகுந்ததும் அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான்.

பதினைந்து வருஷமாகப் புது நூலைப் பற்றிப் பேசியவளுடைய கை, பழைய அளவு இரும்பைக் கண்டதும் பழைய அட்டவணைப் புத்தகத்தை எடுத்தது. அழுத்தம் தாங்கும் சட்டத்துக்கு எவ்வளவு வரை போகலாம் என்ற பக்கத்தை விரல் தானாகத் திருப்பியது. அங்கே இருந்தது பழைய நூல் அனுமதித்த அறுபது பங்குக் கணக்கு. எபி கொடுத்திருந்ததோ ஒன்றரை மடங்கு பெருக்கிய விசை. அவன் தன் நூலின்படி சரியாகச் செய்திருந்தான். அவளும் தன் கையின்படி சரியாகத்தான் செய்தாள். இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை.

நூறு வரை போகலாம் என்ற இடத்தில் நூற்று முப்பத்திரண்டு வந்தது.

அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தோன்றியது என்பதைப் பிற்பாடு அவள் பலமுறை நினைத்துப் பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் உட்காரும் கூடமாயிற்றே, பதற்றம் இருந்தது. ஆனால் பதற்றத்துக்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. நெடுநாளாக முடியாமல் கிடந்த பேச்சில் தன் பக்கம் தீர்ப்பு வந்ததைப் போல. வேறு யாருடைய கூரையாக இருந்தாலும் அவள் செய்கிற முதல் காரியம், அதைப் போட்டவரைக் கூப்பிட்டு, ‘நீங்க என்ன எடுத்தீங்க?’ என்று கேட்பதுதான். இந்த முறை போனைக் கையில் எடுத்து, தயாளனின் பெயர் வரைக்கும் போய், கீழே வைத்துவிட்டாள். சோதிக்கிறவர் போட்டவரோடு பேசுவது முறையல்ல என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதற்கு நடுநிலைமை என்று பெயர் வைத்தாள். மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் செய்யும்போது அதற்கு நல்ல பெயர் கிடைக்காமல் போவதில்லை.

அறிக்கை போனது. கூடம் பூட்டப்பட்டது; அதை இடித்துப் புதிதாகக் கட்டச் சபை முடிவு செய்தது. ஞாயிறு வகுப்பு தேவாலயத்தின் பக்கவாட்டில் ஷாமியானா போட்டு நடந்தது. அங்கே பாடம் எடுக்கும் மெட்டில்டா ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தயாளனை நிறுத்தி, சுற்றி நின்றவர்கள் கேட்க, “இத்தனை வருஷம் எங்க பிள்ளைங்களை எதுக்கு அடியில உக்கார வெச்சிருந்தீங்கய்யா? தெரியாமப் போட்டீங்களா, தெரிஞ்சே போட்டீங்களா?” என்று கேட்டாளாம். அடுத்த வாரத்திலிருந்து அவர் அந்தத் தேவாலயத்துக்கு வருவதில்லை என்று ஜாய்சன்தான் பேச்சுவாக்கில் சொன்னார். ஞானஜோதி அதைக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

தவறு வெளியே வந்தது கேளம்பாக்கத்து வேலையில். ஒரு பழைய குடோனை பர்னிச்சர் கடையாக மாற்றுகிறார்கள். கூரை தாங்குமா என்று கேட்டிருந்தார்கள். எபி விசைகளை எடுத்து மேசையில் வைத்தான். அந்தக் கூரையின் பாரம் அவளுக்கு மனக்கணக்காகவே தெரிந்திருந்தது. எண்கள் கூடுதலாகப் பட்டன.

“எபி, இது என்ன இவ்ளோ வருது? ஒன்றரை போட்டிருக்கியா இதுல?”

“ஆமா மேடம்.”

“எதுக்கு? பழைய இரும்புன்னா நான் பழைய டேபிள்லதானே செக் பண்றேன்.”

எபி விழித்தான். “பழைய டேபிளா? எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான் எப்பவுமே ஃபேக்டர் போட்டுதானே குடுக்கறேன்.”

“எப்பவுமேன்னா?”

“எப்பவுமே மேடம். புதுப் புக்குப்படி வேற எப்படிக் குடுக்கறது?”

கீழே மருந்துக்கடை ஷட்டரை யாரோ பாதி இறக்கி மறுபடி ஏற்றினார்கள். ஞானஜோதி பேனாவை மூடி வைத்தாள். காகிதம்கூடத் தேவைப்படவில்லை. நூற்று முப்பத்திரண்டை ஒன்றரையால் வகுத்தால் எண்பத்தெட்டு. நூற்றுக்கு எண்பத்தெட்டு. தயாளனின் கூரை நன்றாக இருந்தது. பாரத்தை ஒரு முறையும் இரும்பை ஒரு முறையும், ஆக ஒரே கூரையை இரண்டு முறை சந்தேகித்துவிட்டு, அதை அறிவு என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

“பீர்க்கன்கரணை ஹாலும் இப்படித்தானா மேடம்?” என்றான் எபி, மெதுவாக.

“உன் மேல தப்பு இல்ல. நான் கேட்டிருக்கணும்.”

மறுநாளே அவள் ஜாய்சனைப் பார்க்கப் போனாள். திருத்திய கணக்கோடு போனாள். கூடத்தை இடிப்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நேரம் இருக்கிறது என்ற தைரியம் அவளுக்கு இருந்தது.

ஜாய்சன் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் அறையில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். இரண்டு மாடிக் கான்கிரீட் கூடம். கீழே சாப்பாட்டு அறை, மேலே ஏசி போட்ட ஹால், முன்பக்கம் கண்ணாடி.

“பாத்தீங்களா? பிஷப் கல் நாட்டத் தேதி குடுத்துட்டாரு. பத்து வருஷமா இதைச் சொல்லிட்டு இருக்கோம் மேடம். பழைய ஹால் நல்லாத்தானே இருக்குன்னு ஒருத்தரும் அசையல. உங்க ரிப்போர்ட் வந்த அப்புறம்தான் ஒரே மனசா கையைத் தூக்கினாங்க. கர்த்தர் உங்க மூலமாப் பேசினாருன்னே சிலர் சொன்னாங்க.”

“அவர் பேசல சார். நான் கணக்குல தப்பு பண்ணேன்.”

ஜாய்சன் சங்கடமாகச் சிரித்தார். “நூத்துக்கு எண்பத்தெட்டு. அதுவும் கிட்டத்தட்ட நூறுதானே மேடம்? இன்னும் கொஞ்ச வருஷத்துல தாண்டிடாதா?”

“கூரைக்கு வயசு ஏறினா பாரம் ஏறாது சார். பெயின்ட் அடிச்சு வெச்சா அது பாட்டுக்கு நிக்கும்.”

“சரி. நிக்கட்டும்னே வெச்சுப்போம். இப்ப நான் போயி, ரிப்போர்ட் தப்பு, ஹால் நல்லா இருக்குன்னு சொன்னா, முதல்ல உங்களைத்தான் பேசுவாங்க. அப்புறம் என்னை. விட்டுடுங்க மேடம்.”

“தயாளன் சாரை இப்பவே பேசிட்டு இருக்காங்களே?”

ஜாய்சன் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார். கெட்டவர் அல்ல. யாரும் வேண்டுமென்று தயாளனை நோகடிக்கவில்லை. ஒரு தவறு பலருக்கு வசதியாகிவிட்டால், அதைத் திருத்த வருகிறவர்தான் இடைஞ்சல். வெகுநேரம் பேசிய பிறகு அவர் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளில் இரண்டு வரி வாசிப்பார். கூடம் இடிவது இடிவதுதான்.

அன்றே அவள் பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவுக்கு நடந்தாள். தயாளனின் மனைவி செல்வமேரி கதவைத் திறந்தாள். வழி விடாமல் ஒரு கணம் நின்றாள்.

“வாங்க, இன்ஜினியரம்மா. எங்க வீட்டுக் கூரையும் அவர் போட்டதுதான். அதையும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுங்க.”

“அக்கா, நான் அண்ணனைப் பாக்கணும்.”

“பாருங்க. உங்க பேரை அவர்தான் கமிட்டிக்குச் சொன்னாரு, தெரியுமா? ஜாய்சன் வேற யாரையோ கூட்டிட்டு வரதா இருந்தாரு. ‘ஜோதிகிட்ட குடுங்க, அவ பாத்தா சரியா இருக்கும்’னு இந்த வாசல்ல நின்னு சொன்னாரு.”

ஞானஜோதிக்கு அது தெரியாது. உள்ளே போனாள்.

தயாளன் பழைய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மூன்று சக்கர வண்டியில் போன அதே மேசை. அவள் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். எபி, பெருக்கிய விசை, பழைய அட்டவணை. பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியும். ஜாய்சன் மரியாதைக்கு உன் ரிப்போர்ட்ல எனக்கும் ஒரு காப்பி குடுத்தாரு. உன் நூத்தி முப்பத்திரண்டை ஒன்றரையால வகுத்தா எண்பத்தெட்டு. நான் அன்னிக்குப் போட்டது எண்பத்தாறு. நடுவுல தகடு மாத்தினாங்க, கொஞ்சம் கனமானது. அந்த ரெண்டு அதுல போயிருக்கும்.”

எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பவே தெரியுமா? ஏண்ணா சொல்லல?”

“யார்கிட்ட? என் கூரை நல்ல கூரைன்னு நானே போயி சாட்சி சொல்லவா? எல்லாப் பொண்ணையும் அவ அப்பன் அழகின்னுதான் சொல்லுவான்னு சிரிப்பாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

தயாளன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “போனை எடுத்தேன். அப்புறம் வெச்சுட்டேன். முன்னாடியே ஜோதி கூப்பிடுவான்னு நெனச்சிருந்தேன். யார் கூரையா இருந்தாலும் போட்டவனைக் கேக்காம அவ எழுத மாட்டா. இன்னிக்குக் கூப்பிடுவ, நாளைக்குக் கூப்பிடுவன்னு பாத்தேன். அப்புறம் ரிப்போர்ட்டே வந்துருச்சு.”

“கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“திருப்பிப் போடுன்னு சொல்லியிருப்பேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சமையலறையில் செல்வமேரி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பது கேட்டது. தயாளன் லேசாகச் சிரித்தார். கோபத்தைவிட அந்தச் சிரிப்பு கஷ்டமாக இருந்தது.

“பஸ்ல எனக்குன்னு ஒரு சீட் விட்டியே. கடைசியில அதுல உக்காந்தது நீதான் பாத்தியா?”

தயாளன் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லி அவரைப் புகழ்ந்துவிடலாம். ஆனால் அந்த மௌனம் முழுதும் பொறுமை அல்ல. அதில் பாதி கர்வம். ஒரு போன் பேசியிருந்தால் கூடம் மிஞ்சியிருக்கும். தன்னைக் கேட்காதவளிடம் தானாகப் போய்ப் பேசுவதைவிடக் கூரை போனால் போகட்டும் என்று அவரும் உட்கார்ந்திருந்தார். இரண்டு இடங்களில் இரண்டு போன்கள் எடுக்கப்பட்டு, இரண்டும் கீழே வைக்கப்பட்டன. அந்தக் கூரை எப்போதோ சொல்லப்பட்ட ஒரு கேலியின் பாரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருந்தது. எந்த விதிநூலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

“ஞாயித்துக்கிழமை வாசிக்கிறாங்கண்ணா. நீங்க வரணும்,” என்றாள்.

“பாக்கலாம்,” என்றார். அவர் வரவில்லை.

ஞானஜோதி போனாள். அது அவளுடைய தேவாலயம் அல்ல. சேலையூரில் தன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி கொண்டுவருவது பற்றி ஓர் அறிவிப்பு. பிறகு ஜாய்சன் வேகமாக வாசித்தார்: மறுபரிசீலனையில் பழைய கூடத்தின் கூரை விதிகளுக்கு உட்பட்டே இருந்ததாகப் பொறியாளர் தெரிவித்திருக்கிறார்; எனினும் சபையின் வளர்ச்சியை முன்னிட்டுப் புதிய கூடத் திட்டம் தொடரும். அடுத்து இளைஞர் கூட்டத்தின் சுற்றுலா. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

வாசலில் அவளே மெட்டில்டாவைத் தேடிப்போய் நின்றாள். தன் பெயரைச் சொன்னாள். “டீச்சர், அந்தக் கூரையில ஒரு தப்பும் இல்ல. தப்பு என் கணக்குல. தயாளன் சார் சரியாத்தான் போட்டிருக்காரு.”

மெட்டில்டா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நிஜமான அன்பு இருந்தது. “உங்களுக்குப் பெரிய மனசு மேடம். கூட வேலை செஞ்சவராமே? அவரை விட்டுக்குடுக்காமப் பேசறீங்க பாருங்க. இந்தக் காலத்துல யார் இப்படிச் செய்வாங்க?”

“நான் அவருக்காகப் பேசல டீச்சர். நெஜமாவே...”

“எனக்குப் புரியுது மேடம். நானும் அன்னிக்கு அப்படி முகத்துக்கு நேரா கேட்டிருக்கக் கூடாதுதான். வயசானவரு. மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க.”

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதைவிட்டுப் போகவில்லை. பொய்யான எண்ணை அவள் ஒரு முறைதான் சொன்னாள், ஊரே நம்பியது. உண்மையான எண்ணைச் சொன்னபோது அது அவளுடைய நல்ல குணமாகிவிட்டது. தயாளனுக்குப் போய்ச் சேர வேண்டிய நற்பெயரை இவள் கையிலேயே திணித்து அனுப்பியிருந்தார்கள். அவளைப் பார்த்துப் புன்னகைத்தவர்கள் யாரும் அவளைத் தவறாக நினைக்கவில்லை. அதுதான் வலித்தது.

கூரையை இறக்குவதற்கு முந்தைய நாள் தயாளனே கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் முறை.

“நாளைக்கு யாரு இறக்குறாங்க?”

“பெருங்களத்தூர்ல ஒரு பார்ட்டிண்ணா. கிரேன் வருது.”

“மேடைப் பக்கம் முதல் ரெண்டு சட்டகத்துக்கு நடுவுலதான் பிரேசிங், அந்தக் குறுக்குக் கம்பி, குடுத்திருக்கேன். அதை நம்பித்தான் மத்ததெல்லாம் பக்கவாட்டுல சாயாம நிக்குது. மேடைப் பக்கத்துல ஆரம்பிச்சாங்கன்னா மொத்தமும் சீட்டுக்கட்டு மாதிரி படுத்துரும். ஆள் மேல இருப்பான். வாசல் பக்கத்துலருந்து வரச் சொல்லணும்.”

“நான் போறேன். நீங்களும் வாங்கண்ணா.”

“வரேன்,” என்றார்.

தகடுகளைக் கழற்றியிருந்ததால் கூடத்துக்குள் வெயில் கொட்டியது. தயாளன் தொப்பி போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். மேலே கேட்கிற அளவுக்கு அவருக்குக் குரல் இல்லை. அவர் சொல்வதை ஞானஜோதி உரக்கத் திருப்பிச் சொன்னாள். முதலில் கிரேன் கொக்கியை மாட்டு, சங்கிலி இறுகட்டும், அதற்கப்புறம் அந்தச் சட்டகத்தின் போல்ட்டைத் தொடு. வாசல் பக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சட்டகங்கள் எழும்பி, ஆடி, வெளியே மணலில் வந்து படுத்தன. ஒன்றுகூட வளையவில்லை.

மேலே சுவரோரம் குந்தியிருந்த அன்பு, போல்ட் கழற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி, ஸ்பேனரைத் தட்டிக்கொண்டு கத்தினான்: “இன்னா சார் இது, பொண்டாட்டிக்குக் கட்டுன தாலி மாரி இறுக்கிக்கினு கீது! ஒண்ணு போதாதுன்னு ரெண்டு ரெண்டா போட்டுகீறாங்கோ. எவன் சார் போட்டான் இதை?”

“நான்தாம்பா,” என்றார் தயாளன். அது மேலே போய்ச் சேரவில்லை.

“சார்தான் போட்டாரு!” என்று ஞானஜோதி கத்தினாள்.

“நீயா சார்? சோக்கா கீது சார். அப்பால இன்னாத்துக்கு இறக்குறாங்கோ?”

தயாளன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பதிலை அவர் சொல்லமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

“கணக்கு தப்பாப் போச்சு!” என்றாள் உரக்க. “நான் போட்ட கணக்கு. கூரை நல்லாத்தான் இருக்கு.”

மேலே இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அன்புவுக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான்: “நல்லா கீதுன்னா அப்பறம் இன்னாத்துக்குமா அவுத்துகினு கீறோம்? மாட்டிரலாமா?”

அவள் மணலில் படுத்திருந்த சட்டகங்களைப் பார்த்தாள். தயாளன் மெதுவாக, இந்த முறை அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“பாதி அவிழ்த்தாச்சு ஜோதி. இப்ப நிறுத்தினாத்தான் ஆபத்து. அடுத்ததுக்குக் கொக்கி போடச் சொல்லு.”

அவள் சொன்னாள். கடைசியாக மேடைப் பக்கத்து இரண்டு சட்டகங்கள் மட்டும், தங்களுக்குள் பின்னிய குறுக்குக் கம்பிகளோடு, எதையும் தாங்காமல் வானத்துக்குக் கீழே நின்றன. தயாளன் அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். சங்கிலி இறுகுகிறதா என்று பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, இறக்கச் சொல்லிக் காட்டினார். அதற்கு அவளுடைய குரல் தேவைப்படவில்லை.